ஒரே தகட்டில் இரண்டு சொட்டு

தம்பியின் ரத்தம் இருந்த குழாயைத் திறந்ததும் புளித்த பால் வாடை அடித்தது. பதினோரு வருடமாக ஆய்வகத்தில் ரத்தத்தோடு மல்லுக்கட்டுகிறவள் அவள். ரத்தம் துருப்பிடித்த இரும்பு மாதிரி மணக்கும், ஒருநாளும் புளித்ததில்லை. குழாயைச் சாய்த்துப் பார்த்தாள். கெட்டிப்பட்ட சளி போல, கண்ணாடியை விட மனமில்லாமல் இழுபட்டுக்கொண்டு இறங்கியது. குமட்டியது. கூடப்பிறந்தவனின் ரத்தத்தைப் பார்த்தா குமட்டுகிறது என்று வெட்கமாகவும் இருந்தது.

தம்பிக்கு ரத்தக்குழாய் அழற்சி. காவலுக்கு இருக்கவேண்டிய வெள்ளணுக்களே கட்சி மாறி, சொந்தக் குழாய்களைக் குதறுகிற வியாதி. எட்டு மாதமாக மாத்திரை தின்று முகம் பூசணிக்காய் மாதிரி ஊதிவிட்டது. இன்று அணுக்கள் அடங்கியிருந்தால் மாத்திரை பாதியாகும். இல்லையென்றால் சிறுநீரகம் கையை விட்டுப் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி வெளியே பெஞ்சில் காத்திருந்தான்.

இண்டர்காம் அடித்தது. அந்த டாக்டருக்கு எல்லாமே அரை நிமிஷத்தில் நடக்கவேண்டும். ஆய்வகத்தில் அவர் பெயரே அரைநிமிஷம்.

"என்னம்மா, தம்பி ரிசல்ட் வந்தாச்சா?"

"இப்பதான் சார் எடுத்தேன்."

"அரை நிமிஷத்துல பாத்து சொல்லு. நான் கிளம்பணும்."

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தம் வேண்டும். ஆள் தேடி அலைவானேன் என்று அவள் எப்போதும் தன் விரலையே குத்திக்கொள்வாள். இரண்டு சொட்டுக்கும் தனித்தனிக் கண்ணாடித் தகடு என்பதுதான் முறை. அன்று அவசரத்தில் ஒரே தகட்டில் பக்கத்துப் பக்கத்தில் விட்டு, மேலே ஒரே மூடியைப் போட்டு அமுக்கிவிட்டாள். இரண்டும் பரவி நடுவில் ஒட்டிக்கொண்டன. ஒரு பார்வைதானே என்று நுண்ணோக்கியில் குனிந்தாள்.

வெள்ளணுக்கள் உயிரோடு ஊர்வது அவளுக்குப் புதிதில்லை. தம்பியின் பக்கத்தில் அவை உப்பிப் பெருத்து, ஒவ்வொன்றாக வயிறு கிழிந்து, உள்ளே இருந்ததையெல்லாம் பிசுபிசுத்த நூல்களாகக் கக்கிக்கொண்டிருந்தன. அடங்கவில்லை.

பிறகு அந்த நூல்கள் எல்லையைத் தாண்டின. அவளுடைய அணுக்கள் எதிர்க்கவில்லை. வழிவிட்டன. உப்பின. கிழிந்தன. கிழியாத மிச்சம் எல்லாம் ஒன்றாக வலப்பக்கம் திரும்பி ஊர்ந்தன.

வலப்பக்கத்தில் தகட்டைப் பிடித்திருந்தது அவளுடைய கட்டைவிரல்.

விரலை இடப்பக்கம் மாற்றினாள். அவையும் இடப்பக்கம் திரும்பின. விரலை எடுத்தாள். நின்றன. எச்சில் முழுக்கக் கசந்தது அவளுக்கு.

கணுக்கால் அரித்தது. துணியை உயர்த்தினாள். கடுகு கடுகாகக் கருஞ்சிவப்புப் புள்ளிகள். அமுக்கினாள். மறையவில்லை. தம்பியின் காலில் எட்டு மாதமாகப் பார்க்கிற அதே புள்ளிகள். இது தொற்றுகிற வியாதி இல்லை. எத்தனை பேருக்கு அவளே சொல்லித் தேற்றியிருப்பாள்.

கதவு லேசாகத் திறந்தது.

"அக்கா, இன்னும் எவ்ளோ நேரம்?"

"உள்ள வராதடா."

"ஏன், மோசமா வந்திருக்கா? எதுவானாலும் சொல்லிடுக்கா."

"அங்கயே நில்லு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவன் உள்ளே வந்துவிட்டான். அவளுடைய கணுக்காலின் பின்புறம் இருந்த புள்ளிகள் தோலுக்கடியில் ஊர்ந்து, எலும்பைச் சுற்றிக்கொண்டு, அவன் நின்ற பக்கத்துக்கு வந்தன.

"கால்ல ஒரு மாதிரி இழுக்குதுக்கா," என்று அவன் பேண்ட்டைத் தூக்கிக் காட்டினான். அவனுடையவை எல்லாம் முன்னால் வந்து குவிந்திருந்தன. அவளைப் பார்த்து.

அவள் பின்வாங்கினாள். முதுகில் சுவர்.

புள்ளிகள் வாய் திறந்தன. ரத்தம் வரவில்லை. நூல் வந்தது. அவன் காலிலிருந்தும். அவள் காலிலிருந்தும். வெள்ளையாக, கொழகொழவென்று, காற்றில் துழாவிக்கொண்டு. இருவருக்கும் நடுவில் ஒன்றையொன்று தொட்டன. முடிச்சுப் போட்டுக்கொண்டன. விறைத்தன.

"அக்கா," என்றான் தம்பி. அவன் முகத்து வீக்கம் வடிந்துகொண்டிருந்தது.

ஒரு நூலின்மேல் கெட்டியான சிவப்பு மணி ஒன்று அவனிடமிருந்து கிளம்பி, நிதானமாக அவளை நோக்கி உருண்டு வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று.