ஹில்மா விட்டுப்போன பெயர்கள்

நான் புளுகுகிறேன் என்பவர்கள் குவாவ் ஊருக்கு வந்து, எங்கள் ஜாதிக்காய்க் கிடங்கின் பழைய ஸ்டீரியோவைத் தொட்டுப் பார்க்கலாம். நான் தொடமாட்டேன்.

மேலாளர் ஆல்பனுக்கு புரூக்ளினிலிருந்து அவன் தம்பி அனுப்பிய பெட்டி சோப்புக்கட்டி அளவுதான். கம்ப்யூட்டர் வேண்டாம், திரை வேண்டாம். வயரை ஸ்டீரியோவின் முதுகில் செருகினால் இன்டர்நெட் பாட்டெல்லாம் வந்துவிடும். முதல் நாள் காலை முழுக்க எங்கள் தீவுகளின் கலிப்சோப் பாட்டு. ஆடிக்கொண்டே காய் பொறுக்கினோம்.

நண்பகலில் பாட்டு நின்று ஆர்கன் ஒலித்தது. கைகள் தானாக நின்றன. ரேடியோவில் சாவு அறிவிப்பு என்றால் எங்கள் ஊரில் அப்படித்தான்.

வாசித்தது மிஸ் ஹில்மா. ஆயுள் முழுக்கத் தீவின் சாவையெல்லாம் வாசித்த அதே ஈரக்குரல்.

போன வருஷம்தான் அவளைப் புதைத்தோம்.

"எல்லோராலும் ஈரச்சட்டை என்றழைக்கப்பட்ட மீனவர் லெஸ்டர்..." என்றாள். அந்த லெஸ்டர் வாசலில் மீன் விற்றுக்கொண்டிருந்தான். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. விடிந்தபோது அவன் படகு மட்டும் கரைக்கு வந்தது.

அன்று நண்பகல் அவள் வாசித்தது, என் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கும் யுடோராவின் பெயரை. ஆல்பன் பாய்ந்து வயர்களைப் பிடுங்கினான். ஸ்டீரியோவின் விளக்கு அணைந்தது.

குரல் அணையவில்லை.

பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று ஒவ்வொரு பெயராக வந்தது. ஜாதிக்காய் வாசனைக்கு நடுவே தோண்டிய மண்ணின் வாடை எழுந்தது.

யுடோரா எழுந்தாள். ஸ்டீரியோவை நோக்கி விரலை நீட்டினாள்.

"ஏண்டி ஹில்மா, டொரண்டோவுல இருக்கற என் சித்தி மக வெல்டாவை எங்க விட்ட? கேள்விப்பட்டா உன்னைத் தோண்டி எடுத்துல்ல அடிப்பா."

எங்கள் ஊரில் ஒரு சொந்தம் விட்டுப்போனாலும் அறிவிப்பு செல்லாது. திருத்தி வாசிக்கும்வரை குழிவெட்டுகிறவன் மண்வெட்டியைத் தொடமாட்டான்.

விளக்கணைந்த ஸ்டீரியோப் பெட்டிக்குள் காகிதம் புரண்டது.

"திருத்தம் நாளை."

மறுநாள் வெல்டாவின் பெயர் இருந்தது. யுடோரா விட்டுப்போன ஒரு மச்சானை எடுத்துவிட்டாள். இப்படியே மழைக்காலம் முழுக்க ஓடியது. ரத்த சொந்தம் தீர்ந்து, ஞானப்பிள்ளைகள் தீர்ந்து, கடைசியில் அவள் வளர்த்த கழுதையும் பட்டியலில் ஏறியது.

போன வெள்ளிக்கிழமை அவளிடம் பெயரே இல்லை. ஆர்கன் மறுபடி மெல்ல ஆரம்பித்தது. மண்வாடையும் எழுந்தது.

யுடோரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கேட்டுக் கேட்டுத் துரத்தப்பட்டவன் நான்.

"என் புருஷன் பேரு எங்கடி?" என்றாள் பெட்டியிடம்.

காகிதம் புரண்டது.

என் பக்கம் குனிந்தாள். "பல்லைக் காட்டாத, கிழவா. நாளைக்கு சர்ச்சுக்குக் குளிச்சிட்டு வந்து சேரு."

குளித்துவிட்டுத்தான் போனேன். பாதிரியார்கூட ஆச்சரியப்பட்டார்.

கிடங்கு மறுபடி திறந்த திங்கள் நண்பகல் ஹில்மா நிதானமாக வாசித்தாள். வெல்டா வந்தாள். கழுதை வந்தது. பிறகு ஒரு மூச்சு இழுத்தாள்.

"மறைந்த எல்வின் அவர்களின் மனைவி."

எல்வின் நான்தான்.

யுடோரா முழங்கையால் இடித்தாள். "வாயைத் திறய்யா. உன் பக்கம் யாரு விட்டுப்போச்சு? சீக்கிரம்."

எழுந்து நின்றேன். நான் அநாதை ஆசிரமத்தில் வளர்ந்தவன். எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான்.

அவள் பெயரை ஏற்கெனவே வாசித்தாயிற்று.

பெட்டிக்குள் காகிதம் புரளும் சத்தம் நின்றது. ஹில்மா காத்திருந்தாள்.