பிரேக்கில் ஒரு கால்

மலைச்சாலையின் கடைசி வளைவுக்குக் கீழே அந்தப் பட்டறை இருந்தது. தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த தரை, வாசலில் ஒரு தண்ணீர்க் குழாய். பட்டறைக்காரனை எல்லோரும் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் அவசரமாகச் செய்யாதவன் என்பதால் வந்த பெயர். ஒரு பிற்பகல் தூறலில் அவனுடைய அண்ணி தன் பழைய ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தியபோதும், கையிலிருந்த தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தான்.

அண்ணி பிரசவம் பார்க்கும் நர்ஸ். மலைமேல் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளுக்கெல்லாம் அவள் ஒருத்திதான். அண்ணன் வேலைக்காக வெளியூரில் இருந்தான். மழைக்காலச் சேற்றில் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லாமல் மேலே போக முடியாது என்று, ஒரு தரகர் மூலம் சமீபத்தில்தான் அந்த ஜீப்பை வாங்கியிருந்தாள்.

இறங்கியவளின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"பிரேக் பிடிக்கல தம்பி. மிதிச்சா பெடல் அப்படியே தரையில போய் ஒட்டிக்குது."

எப்படி நிறுத்தினாள் என்று கேட்டான். கியரைக் குறைத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசவிட்டு நிறுத்தினாளாம். கொஞ்ச நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால், ஒன்றுமே நடக்காததுபோல் பிரேக் பிடித்ததாம்.

சக்கரங்களைக் கழற்றும்போதே கருகல் நாற்றம் மூக்கில் ஏறியது. பிரேக் டிரம்கள் சூட்டில் நீலம் பாரித்திருந்தன. உள்ளே டிரம்மில் உரசும் லைனிங் கண்ணாடிபோல் பளபளத்தது. அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிரேக் விடாமல் உரசியிருக்கிறது. அந்தச் சூட்டில் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. ஆவியை மிதித்தால் பெடல் தரைக்குத்தான் போகும். ஆறினால் திரும்ப வந்துவிடும்.

இறக்கம் முழுக்கப் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் இப்படித்தான் ஆகும் என்றான். அண்ணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. லோ கியரில்தான் இறங்குகிறேன், வளைவில் மட்டும்தான் பிரேக்கைத் தொடுகிறேன், இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதானே என்றாள். அவள் ஓட்டும் விதம் அவனுக்குத் தெரியும்.

அப்படியானால் ஏதோ ஒன்று பிரேக்கை விடவிடாமல் பிடித்து வைத்திருக்க வேண்டும். பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தான். துவாரத்தில் அடைப்பில்லை. ரப்பர் ஹோஸ்கள் உள்ளே உப்பியிருக்கவில்லை. ஸ்பிரிங்குகள் விறைப்பாகவே இருந்தன. குற்றம் சொல்ல ஒரு பாகம்கூட அகப்படவில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டான். மேலே ஒரு பெண்ணுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணியால் வண்டி இல்லாமல் இருக்க முடியாது.

மறுநாள் காலை, பைப்புக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றும் வேலைதான் மிச்சம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். அண்ணி உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, அவன் கீழே படுத்துக்கொண்டு சக்கரத்தில் காற்றை வெளியே விடும் நிப்பிளைத் திறந்து மூடினான்.

மிதிங்க. பிடிங்க. விடுங்க.

தகரத்தில் மழை சீராகப் பெய்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சக்கரமாக முடித்துக் கடைசிச் சக்கரத்துக்கு வந்தான். குமிழிகளோடு வந்த ஆயில் இப்போது தெளிந்து வந்தது. நிப்பிளை இறுக்கினான்.

"விடுங்க அண்ணி."

பெடல் எழும்பும் சத்தம் வரவில்லை. சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தான். இறுகிப்போயிருந்தது.

"அண்ணி, போதும். காலை எடுங்க."

"நான் அப்பவே இறங்கிட்டேனே தம்பி."

குரல் வாசலிலிருந்து வந்தது.

அவன் தலையைத் திருப்பினான். தண்ணீர்க் குழாயடியில் அண்ணியின் செருப்புகள் தெரிந்தன. கை கழுவிக்கொண்டிருந்தாள்.

மெல்ல வெளியே ஊர்ந்து வந்து, வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். இருக்கையில் யாரும் இல்லை.

பெடல் மட்டும் அமுங்கியிருந்தது.

அதன் ஸ்பிரிங் முழு நீளத்துக்கு இழுபட்டு நின்றது. அது நடுங்குவதுகூடக் கண்ணுக்குத் தெரிந்தது, பலத்தையெல்லாம் திரட்டி யாரோ ஊன்றி மிதிப்பதுபோல. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். வெகுநேரம் கழித்து, விருப்பமே இல்லாததுபோல், பெடல் மேலே வந்தது.

வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவன் அவசரப்பட்டான். தரகரைத் தேடி ஓடினான். தரகர் முதலில் மழுப்பினார்; பிறகு சொன்னார். ஜீப்பின் பழைய டிரைவர் ஒருமுறை வேலையாட்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அதே சாலையில் இறங்கியிருக்கிறார். பிரேக் பைப் வெடித்துவிட்டது. இறக்கம் முழுக்க வெறும் பெடலை மிதித்தபடியே வந்து, பள்ளத்தில் விழாமல் வண்டியைப் பாறையில் மோதவிட்டார். பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். அவர் அந்த இடத்திலேயே போய்விட்டார். உடலை லேசில் வெளியே எடுக்க முடியவில்லையாம். பெடலில் விறைத்திருந்த காலைப் பிரிக்கத்தான் அத்தனை பாடு பட்டார்களாம்.

அவன் திரும்பி வந்தபோது அண்ணி தன் பையை வண்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து தகவல் வந்திருந்தது. வலி கண்டுவிட்டது.

போக வேண்டாம் என்றான். கேட்டதை ஒன்று விடாமல் சொன்னான்.

"மேல ஒருத்தி வலியில துடிச்சிட்டு இருக்கா. பேய்க்குப் பயந்து உக்காந்திருக்க முடியுமா? நீயும் ஏறு."

ஏறினான். மேலே போகும்வரை வண்டி சமர்த்தாகப் போனது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அவர்கள் கிளம்பும்போது வெளிச்சம் இருந்தது. ஆனால் முதல் வளைவு தாண்டியதும் மூடுபனி வந்து கண்ணாடியை மூடிக்கொண்டது.

லோ கியரில் எஞ்சின் உறுமியது. பனியில் ஈர மண்ணின் வாசம். பிறகு அதோடு கலந்து இன்னொன்று.

கருகல்.

அவன் குனிந்து பார்த்தான். அண்ணியின் வலது கால் தரையில், பெடலுக்குப் பக்கத்தில் சும்மா இருந்தது.

பெடல் அமுங்கியிருந்தது.

"அண்ணி, நிறுத்துங்க."

அவள் மிதித்தாள். மிதிக்க ஒன்றும் மிச்சமில்லை. பெடல் தரையோடு கிடந்தது, வண்டி ஓடிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் பள்ளம் பனியால் நிரம்பி, வெள்ளைத் தரைபோல் தெரிந்தது. அவன் ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். அது பேருக்கு முனகியது. அவள் ஸ்டியரிங்கை வெட்டி மலைச்சரிவில் உரசவிட்டாள். கற்கள் தகரத்தைப் பிறாண்டின. வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றது.

எஞ்சினும் நின்றுபோனது. சக்கரங்களிலிருந்து புகை எழும் மெல்லிய சீறல் மட்டும் கேட்டது.

அப்புறம் மூச்சுச் சத்தம். மூன்றாவது ஆளின் மூச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு, விட்டு விட்டு.

அண்ணி கதவைத் திறந்து ஓடுவாள் என்று நினைத்தான். அவள் ஓடவில்லை. அந்த மூச்சை உன்னிப்பாகக் கேட்டாள். அப்படி மூச்சு விடுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தே காலம் கழித்தவள் அவள். குனிந்து, பிரசவ அறையில் பேசும் அதே தாழ்ந்த குரலில் பேசினாள்.

"போதும்ண்ணே. பின்னாடி இருந்தவங்க எல்லாரும் பொழச்சுட்டாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. காலை எடுங்க."

மூச்சு நின்றது.

"இனிமே நான் பாத்துக்கிறேன். காலை எடுங்கண்ணே."

பெடல் அசைந்தது. நூல் நூலாக மேலே எழும்பி, தன் இடத்தில் வந்து நின்றது.

டிரம்கள் ஆறும்வரை காத்திருந்து மீதி இறக்கத்தை இறங்கினார்கள். பட்டறை வாசலில் அவன் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்புகூட இல்லை. அண்ணி ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு பிரேக் ஒருநாளும் தொந்தரவு கொடுக்கவில்லை. மழைக்காலம் முடிந்து, அண்ணி சர்வீசுக்கு வண்டியைக் கொண்டுவந்தபோது லைனிங் புதிதுபோலவே இருந்தது. வேலை முடிந்ததும், வீடுவரை கூட வருகிறேன் என்று அவன் முன்கதவைத் திறந்தான்.

"நீ பின்னாடி உக்காரு தம்பி," என்றாள் அண்ணி, சாதாரணமாக.

அப்போதுதான் கவனித்தான். அவளுடைய பை, குடை எல்லாமே பின் இருக்கையில் கிடந்தன. முன்னால் அவள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அதன் கீழே, பெடல் எதுவும் இல்லாத அந்தத் தரைத்தகட்டில், வலது பாதம் ஊன்றும் இடத்தில் பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தது. நடுவில் ஒரு குதிகால் அளவுக்குப் பள்ளம்.

தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினான்.

காலி இருக்கையின் ஸ்பிரிங் மெல்ல முனகியது, அவன் கைக்கு வழிவிட்டு யாரோ காலை ஒதுக்கிக்கொண்டதுபோல்.