பாய்க்குள் மூடிய மணி

ஜவுபர் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு முனவ்வறா ராத்தாவின் பிரசவ விடுதிக்கு வந்தபோது முற்றத்துக் கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. மறுநாள் அவனுடைய மனைவி சரீபா பிள்ளைப்பேற்றுக்கு அங்கே வரவிருந்தாள்.

"கடைசி அறையத்தான் வச்சிரிக்கன் மனே," என்றாள் ராத்தா. "றாஹிலாக்குப் பிறகு இப்பதான் திறக்கன். நீங்க செஞ்ச அறதானே."

அவன் தலையை ஆட்டினான்.

கொழும்பு ஹோட்டல்களுக்குத் திரை தைத்த கை அவனுடையது. கல்முனைச் சந்தை இரைச்சலும் கடல் இரைச்சலும் எட்டாத ஓர் அறை வேண்டும் என்று ராத்தா கேட்டபோது, சுவர் முழுக்க இலவம்பஞ்சு வைத்து, அதன்மேல் பன்புல்லில் பின்னிய பன்பாயை இழுத்து அடித்தான். ஜன்னலுக்கு மருதமுனைக் கைத்தறியில் இளம்பச்சைத் திரை. கதவு விளிம்பில் கம்பளித் துணி. உள்ளே வந்தவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்தினார்கள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

கட்டிலருகே, நர்ஸைக் கூப்பிடும் மணிக்கான சுவிச் சுவரில் இருந்தது; பாய் அதையும் மூடிவிட்டது. பன்பாயை அடித்த கையோடு வெட்டினால் நார் பிரிந்துவிடும். சில நாள் இழுபட்டு நிற்கட்டும், பிறகு சுவிச்சுக்கு வெட்டி விளிம்பு தைக்கலாம் என்பது அவன் வழக்கம். அதற்குள் பெருநாள் மெத்தை வேலைகள் வந்து குவிந்தன. எல்லாம் முடிந்ததா என்று ராத்தா கேட்டபோது, முடிந்தது என்று சொல்லிவிட்டான்; அவளும் அவன் சொல்லை நம்பிச் சுவரைப் பார்க்கவில்லை.

அந்த அறைக்கு முதலில் வந்தவள் றாஹிலா. பிள்ளையைக் குளிப்பாட்ட எடுத்துப் போயிருந்த நேரத்தில் இரத்தம் போய் மவுத்தானாள். ஒரு சத்தமும் கேட்கவில்லை. நித்திரையிலேயே போய்விட்டாள் என்று எல்லோரும் ஆறுதல்பட்டார்கள்.

அறையைப் பூட்டுமுன் சீராக்க வந்த ஜவுபர்தான் பார்த்தான். சுவிச் இருந்த இடத்தில் பாய் நகத்தால் பிறாண்டப்பட்டு நார் நாராக நின்றது. பாவி, ஒருவரிடமும் சொல்லாமல் ஊசியெடுத்து அதைத் தைத்து மறைத்தான்.

இப்போது சரீபா.

"திரைய ஒருக்காப் பாத்துட்டு வாறன் ராத்தா," என்று பிளேடை மடியில் மறைத்துக்கொண்டு உள்ளே போனான்.

கதவு அவன் பின்னால் ஓசையின்றி மூடியது. பூட்டிக் கிடந்த அறையில் பேறுகால மருந்துச் சரக்கின் மணம் அடித்தது. அதற்கடியில் வேறொரு வாடை. அவன் தன் தையலையே அறுத்தான். பாயைச் சதுரமாக வெட்டினான், பஞ்சைப் பிடுங்கினான். சுவிச் தெரிந்தது. கையை நீட்டினான்.

விரலில் பாய் பட்டது.

வெட்டிய தடமே இல்லை.

கதவிடம் ஓடினான். அது அசையவில்லை. கத்தினான். அவன் குரல் பஞ்சுக்குள் போய் அடங்கியது.

"ராத்தா..."

அது அவன் குரல் அல்ல. கட்டில் பக்கமிருந்து வந்தது.

பிறகு பாயைப் பிறாண்டும் சத்தம், மிக அருகில். குனிந்து பார்த்தான். பிறாண்டிக்கொண்டிருந்தது அவனுடைய கைதான்.

ராத்தா கதவைத் திறந்தபோது, பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் மனே கூப்பிடல்ல?"

அவன் நகக்கண்களில் இரத்தமும் பன்நாரும் ஒட்டியிருந்தன. நிலத்தில் இருந்தபடி எல்லாவற்றையும் சொன்னான்.

ராத்தா ஏசவில்லை. "கை எட்டுற இடத்தில மணி இரிக்கி, இவ ஏன் என்னக் கூப்பிடல்ல எண்டு அந்தப் புள்ளையோட கோவமா இருந்தன்," என்றாள். அவன் விரல்களைத் துணியால் துடைத்துக்கொண்டே, "அவட உம்மாவும் இதையேதான் கேட்டு அழுவுறா. நீங்கதான் போய்ச் சொல்லோணும்."

"ஓம் ராத்தா. சரீபாட அலுவல் முடியட்டும். சொல்றன்."

மறுநாள் பாய்களையெல்லாம் கிழித்து முற்றத்தில் எரித்தார்கள். மின்வேலை செய்யும் செல்லத்தம்பி வந்து, புதிது போடுவதற்காக அந்த மணியின் பழைய வயரை அறுத்தெடுத்தார். சரீபா முன்னறையில் படுத்திருந்தாள். ஜவுபர் விறாந்தையில் அமர்ந்திருந்தான்.

மணி அடித்தது.

செல்லத்தம்பி கையிலிருந்த வயரைப் பார்த்தார்.

"வாறன் மகள்," என்று பழக்கத்தில் எழுந்த ராத்தா, கடைசி அறை வாசலோடு நின்று ஜவுபரைத் திரும்பிப் பார்த்தாள்.

"கூப்பிடுறது என்னயில்ல மனே."

ஜவுபர் எழுந்து போனான். வெறும் சுவரில், சுவிச்சின் மேல், பச்சை மாறாத பன்நார் ஒன்று, மறுபடி பாய் முளைப்பதுபோல், ஈரத்தோடு ஒட்டியிருந்தது.