ஆடி ஓய்வு

அன்று நாகை மிதவை நகரின் மூன்றாம் வளைவு வீட்டில் கூடியிருந்தவர்கள் ஐந்து பேர்: வீட்டுக்காரர் அரங்கண்ணல், அவர் மகள் நிறைமொழி, அவள் கணவன் எழினி, எழினியின் அப்பா வேலாயுதம், கருவியைப் படிக்க வந்த மருத்துவர் சபுரா பீவி. நானும் இருந்தேன் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் ஐம்பது பேர் தேறுவார்கள்.

நிறைமொழியின் மேற்கையில், தோலுக்கடியில், அரிசியளவில் கருக்காவலி இருந்தது. கரு தங்காதிருக்க நாள்தோறும் ஒரு துளி மருந்து விடும். அது வந்த இருபது ஆண்டுகளில் நகரத்தில் வேண்டாத கரு என்ற பேச்சே இல்லை. அதனால்தான் மூன்று மாதக் கருவோடு நின்றவளை நோக்கி மாமனார் விரல் நீட்டினார்.

"கருவி பொய் சொல்லாது சம்பந்தி. உங்க பொண்ணுதான் எவனுக்காகவோ அதை நிறுத்தி வச்சு..."

"வார்த்தையை அளந்து பேசுங்க."

மரபணுச் சோதனைக்கு அரங்கண்ணல் முன்பே மறுத்திருந்தார். தன் மகளைச் சோதிப்பதே அவமானம் என்பது அவர் கட்சி.

சபுரா பீவி படிப்பானை அவள் கையில் வைத்து எடுத்தார். "கருவியில பழுது இல்ல. ஆடி மாசம் முழுக்க ஓய்வுல இருந்திருக்கு. கரு தங்கினதும் அப்பதான்."

"ஓய்வா? யார் குடுத்தது?" என்றாள் நிறைமொழி.

ஆடியில் புதுப்பெண் தாய்வீடு போய்விடுவாள். பிறகு மருந்து எதற்கு? ஆடி காக்கும் குடும்பங்களுக்கென்று கருவி நிறுவனம் ஓய்வு ஏற்பாடு வைத்திருந்தது. இரு வீட்டுப் பெரியவர்களின் கைரேகை போதும். கல்யாணத்தன்று இரண்டு அப்பாக்களும் பெருமையோடு வைத்தார்கள். அவளிடம் சொல்ல வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

வேலாயுதம் சுதாரித்துக்கொண்டார். "ஆடியில என் மகன் உங்க வாசலை மிதிக்கலைன்னு ஆவணி முதல் தேதி கோயில்ல சத்தியம் பண்ணது நீங்கதானே? அப்ப வந்தவன் யாரு? எழினி, நீ போனியாடா?"

"இல்லப்பா," என்றான் எழினி, தரையைப் பார்த்து.

நிறைமொழி அவனைப் பார்த்தாள். பிறகு தன் அப்பாவைப் பார்த்தாள்.

அரங்கண்ணலுக்குத் தெரியும். அந்த ஆடியில் மூன்று மதியங்கள் பின்புற நீர்வாயிலில் படகு உரசியது. ஏழு தலைமுறையாக ஆடி காத்த வீடாயிற்றே! கேளாதவர்போல் செய்தித்திரையின் ஒலியைக் கூட்டிக்கொண்டார். இப்போது வாயைத் திறந்தால் பொய்ச்சத்தியக்காரன் என்ற பெயர் அவருக்கு. திறக்காவிட்டால் மகளுக்கு அதைவிடக் கேடான பெயர்.

எழுந்து நின்று, வாயில்களைப் படம்பிடித்து வைக்கும் வீட்டுக் கண்ணைக் கூப்பிட்டார். "வாயிற்சாட்சி! ஆடி ஒன்பது, பின்வாயில்."

சுவரில் படம் விரிந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பல்லில் ஒரு பொட்டலத்தைக் கவ்வியபடி எழினி ஏறி வந்தான்.

"நாகூர் அல்வாவா மாப்பிள்ளை? மாமனாருக்கு ஒரு துண்டு வைக்கணும்னு தோணலியே!"

எழினியின் காதுகள் சிவந்தன.

"நான் சாமி முன்னாடி பொய் சொன்னேன் சம்பந்தி. என் வீட்டு மானத்துக்காக. உங்க பையன் என் மகள் மானத்தை வித்துப் பொய் சொன்னான். ரெண்டையும் ஊர் பார்க்கட்டும்."

மாலைக்குள் மிதவை நகரின் எல்லாச் சுவர்களிலும் எழினி அல்வாவோடு ஏறினான். அரங்கண்ணல் ஒவ்வொரு வளைவாகப் படகில் போய்ப் பார்த்து ரசித்தார்.

ஆனால் அதற்கு முன்பு, அந்தக் கூடத்திலேயே, வேலாயுதம் குரலைத் தாழ்த்தியிருந்தார். "நடந்தது நடந்துபோச்சு. வாம்மா, வீட்டுக்குப் போவோம்."

"எந்த வீட்டுக்கு மாமா? என் கைக்கு நீங்க ரெண்டு பேரும் பூட்டுப் போட்டீங்க, நீங்களே திறந்தும் விட்டீங்க." நிறைமொழி மருத்துவரிடம் கையை நீட்டினாள். "அந்த ரெண்டு ரேகையையும் அழிச்சிடுங்க டாக்டர். இனிமே என் ரேகை மட்டும்தான்."

அடுத்த வாரம் சபுரா பீவியைத் தேடி நாற்பது பெண்கள் வந்தார்கள். எல்லாம் ஆடி காத்த வீடுகள்.

சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. அதன் பெயருக்கு முன்னால் நிற்பது தாத்தா அரங்கண்ணலின் முதலெழுத்து, அவர் வென்றதற்கு அதுவே சாட்சி என்று நகரத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. அந்த எழுத்து 'நி'.