வாசலில் நின்ற ஓக் மரம்

நான்கு வருடமாக ஆரின் தன் கையாலேயே கட்டிவந்த மரவீட்டில் தரை மட்டும்தான் பாக்கி. டிரெய்லர் வண்டியில் மனைவி வெர்னாவோடும் ஆறு வயது ஜோசியோடும் நெருக்கியடித்துப் படுத்து அலுத்துப் போயிருந்தான். மகளுக்குத் தனி அறை தருவதாகச் சத்தியம் செய்திருந்தான். அந்த அறைக்குப் பலகை போதவில்லை. அதனால்தான் பள்ளத்தில் இடிந்து கிடந்த பழைய வீட்டு வாசலில் நின்ற ஓக் மரத்தைச் சாய்த்தான்.

வெர்னாவின் அண்ணன் க்ளாய்ட், அறுவை இயந்திரத்தை இழுத்துக்கொண்டு வந்தவன், கட்டையைப் பார்த்ததும் முகம் சுளித்தான்.

“வீட்டு வாசல் மரமா? ஆணி, கம்பின்னு எதையாவது முழுங்கியிருக்கும் மாப்ளே. எந்த முட்டாளும் இதை அறுக்க மாட்டான்.”

“அதான் உன்னைக் கூப்பிட்டேன் மச்சான்.”

“ரம்பம் ஒடைஞ்சா உன் பல்லாலதான் அறுக்கணும், பாத்துக்க.”

பாதியிலேயே ரம்பம் உடைந்தது. மரத்தின் நெஞ்சுக்குள் ஊஞ்சல் மாட்டிய இரும்பு வளையம் புதைந்திருந்தது. வேறு ரம்பம் மாட்டி அறுத்து முடித்தபோது, அதைச் சுற்றியிருந்த நான்கு பலகைகளில், மை கொட்டியதுபோல் நீலக்கறுப்புக் கறை.

க்ளாய்ட் தொப்பியைக் கழற்றினான். “அந்த வீட்டுப் பொண்ணு ஊஞ்சல்லேர்ந்து விழுந்து செத்துச்சும்பாங்க. இந்த நாலையும் அடுப்புல போட்டுரு. குழந்தை ரூம்ல போட்டுத் தொலைக்காதே.”

ஆரின் தலையாட்டினான். ஆட்டியதோடு சரி. ஒரு வருடம் பலகைகளைக் கொட்டகையில் காயவைத்து, மூன்று வாரம் வீட்டுக்குள் அடுக்கிவைத்து, கடைசியில் அந்த நான்கையும் சேர்த்தே ஜோசியின் அறையில் அடித்தான். அவனுடைய பிடிவாதம் ஊரறிந்தது.

கடைசி ஆணி இறங்கியபோது நல்ல நண்பகல். சுத்தியலைக் கீழே வைத்தான்.

கிரீச்.

புதுத் தரை முனகத்தான் செய்யும் என்று நினைத்தான்.

கிரீச்... கிரீச்...

முன்னே ஒன்று. பின்னே ஒன்று. அறையில் அவனைத் தவிர யாரும் இல்லை.

நனைந்த இரும்பின் வாடை அடித்தது. ஆரின் ஓடிப்போய்க் கடப்பாரையை எடுத்துவந்தான். கறைபட்ட நான்கு பலகைகளையும் பெயர்த்து, அடுப்பில் திணித்து, சாம்பலாகும்வரை காவல் நின்றான். அந்த இடத்தில், சுவருக்கு வாங்கியதில் மிச்சமிருந்த பைன் மரப் பலகையை அடைத்தான். அறை அமைதியானது. அப்பாடா என்றிருந்தது.

மூன்று மணிக்கு வெர்னாவும் ஜோசியும் வந்தார்கள். ஜோசி நேரே தன் அறைக்கு ஓடினாள். சற்று நேரத்தில் கலகலவென்று சிரித்தாள்.

ஆரின் எட்டிப் பார்த்தான்.

குழந்தை தரை நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல்கள் மூடியிருந்தன. அவள் தலைமுடி மட்டும் முன்னே பறந்தது. பின்னே பறந்தது.

“இன்னும் வேகமா,” என்று யாரிடமோ கிசுகிசுத்தாள்.

அவளை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தான். “வெர்னா, வண்டியை எடு!”

படியிறங்கும்போதே மூச்சு வாங்கியது. நேற்றுவரை ஒரு கையால் தூக்கிய பிள்ளை.

“அவளுக்கு யாருமே இல்லையாம்ப்பா,” என்றாள் ஜோசி அவன் காதருகே. “நம்மகூட வந்துருன்னு நான்தான் சொன்னேன்.”

ஆரினின் கைகளில் இரண்டு குழந்தைகளின் கனம் இருந்தது.