கேட்டு வராத துணி

விடுமுறையில் பாதியைத் தாத்தா வீட்டில் கழிக்கட்டும் என்று அம்மா வாலுவைக் கொண்டுவந்து விட்டுப் போனாள். வீடு என்பது பெயருக்குத்தான். கீழே தாத்தாவின் சலவைக் கடை, மேலே இரண்டு அறைகள். படியேறும்போதே சோப்பும் ஆவியும் சூடான துணியும் கலந்த வாசனை மூக்கில் ஏறும்.

"இவ சும்மா இருந்தா என் கடையையே வித்துடுவா," என்று சொல்லித் தாத்தா அவள் கையில் ஊசியும் நூலும் கொடுத்தார். சலவைக்கு வரும் துணிகளில் ஆடிக்கொண்டிருக்கும் பொத்தான்களை இறுக்கித் தைப்பது அவள் வேலை. கூலி கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். இஸ்திரி போடும் அக்கா அவளைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

கடையில் இரண்டு கம்பிகள். முன்கம்பியில் இன்றோ நாளையோ வாங்கிப் போகும் துணிகள். பின்கம்பியில் யாரும் கேட்டு வராதவை. வேறு கடைக்காரராக இருந்தால் அவற்றை என்றோ தள்ளிவிட்டிருப்பார். தாத்தா வருடம் ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி துவைத்துத் தேய்த்து மாட்டுவார்.

"வர்றவங்க எந்த நெலமையில வருவாங்களோ. துணியாவது கசங்காம இருக்கட்டும்," என்பார்.

அந்தக் கம்பியின் கோடியில் சின்ன மஞ்சள் ஸ்வெட்டர் ஒன்று தொங்கியது. வாலு கேட்டதற்கு, ஆற்றில் வெள்ளம் வந்த வருடம் ஒரு தாய் கொடுத்தது என்றார் தாத்தா. மகளுக்காக அவளே பின்னியதாம். மறுநாள் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று, துணிக்கு அடையாளமாகக் கடையில் தரும் பித்தளை வில்லையை வாங்கிக்கொண்டு போனாள். அன்று ராத்திரி ஆற்றோரத் தெருவே போய்விட்டது. தாயைக் கண்டெடுத்தார்கள். பிள்ளை கிடைக்கவே இல்லை.

அதைப் போட்டுப் பார்க்காதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை.

அதன் மேல்பொத்தான் ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. வாலுவுக்கு மனசு கேட்கவில்லை. மஞ்சள் நூல் தீர்ந்துபோயிருந்ததால் சிவப்பு நூலால் இறுக்கித் தைத்தாள்.

மறுநாள் மதியம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மின்சாரம் போனது. காயப்போட்ட துணிகளை எடுக்கத் தாத்தாவும் அக்காவும் மொட்டை மாடிக்கு ஓடினார்கள். வாசலில் சாரல் அடித்து வாலுவின் கவுன் நனைந்துவிட்டது. பல் கிட்டிப்போகும் குளிர். கைக்கு எட்டியது அந்த ஸ்வெட்டர்தான். எடுத்துப் போட்டுக்கொண்டாள். அளவெடுத்துப் பின்னியது போலப் பொருந்தியது.

பின்கம்பியில் மாட்டிகள் ஒன்றோடொன்று மெல்ல உரசின.

கடைக்குள் காற்று இல்லை.

சோப்பு வாசனை அடங்கி, ஆற்றுச் சேற்றின் வாடை எழுந்தது.

ஸ்வெட்டரின் கைநுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது. பிறகு இன்னொன்று.

"துணி வாங்க வந்தேன்."

மேசைக்கு அந்தப்பக்கம் ஒரு பெண் நின்றிருந்தாள். கூந்தல் முகத்தில் ஒட்டிக் கிடந்தது. பச்சை பிடித்த பித்தளை வில்லையை மேசைமேல் வைத்தாள்.

வாலு பொத்தான்களைப் பிடித்து இழுத்தாள். ஒன்றும் கழலவில்லை. கம்பளி அவள் நெஞ்சை இறுக்கியது. மூச்சு பாதியில் நின்றது.

"கழட்ட வேணாம்," என்றாள் அந்தப் பெண், ரகசியம் போல. "உள்ள இருக்கற பிள்ளையோடவே குடுங்க."

படியில் ஈரத்துணிகள் பொத்தென்று விழுந்த சத்தம். தாத்தா கடைசிப் படியில் நின்றிருந்தார். அவர் உதடுகள் பிரார்த்தனையில் அசைந்தன. பிறகு வந்து பேத்திக்கு முன்னால் நின்று கைகூப்பினார்.

"அம்மா, துணி உங்களது. இத்தனை வருஷம் பத்திரமா வச்சிருக்கேன். பிள்ளை எங்களது."

"எம் பிள்ளைக்கும் இப்படித்தான் சரியா இருக்கும்."

அவர் தோளைத் தாண்டி ஒரு கை நீண்டது. நகங்களில் மண். அது வாலுவின் கழுத்தருகே வந்து, மேல்பொத்தானில் நின்றது.

சிவப்பு நூலைத் தடவியது.

"இது யாரு தெச்சது?"

"நான்தான்," என்றாள் வாலு, வராத குரலில். "மஞ்சள் நூல் இல்லை. கோவிச்சுக்காதீங்க. பொத்தான் விழுந்துட்டா அந்தப் பாப்பாவுக்குக் குளிருமேன்னு..."

மழை மட்டும் கேட்டது.

அந்த விரல்கள் பொத்தானைக் கழற்றின. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் கழற்றின, தூங்கும் பிள்ளைக்குக் கழற்றும் தாயைப்போல. வாலு மூச்சு வாங்கி நிமிர்ந்தபோது மேசைக்கு அப்பால் யாரும் இல்லை. ஸ்வெட்டரும் இல்லை.

தாத்தா அன்று வாசல்வரை கிடந்த சேற்றைத் தானே கழுவினார். "சின்ன நல்லது எதையும் கடவுள் வீணாக்க மாட்டார்டா," என்று வாலுவின் தலையைத் தடவினார். அதற்குப் பிறகு அவளை மடியை விட்டு இறங்க விடவில்லை. மறுநாளே பையைக் கட்டி, தானே அழைத்துப் போய் அம்மாவிடம் விட்டுவிட்டுத் திரும்பினார்.

அம்மா பையைப் பிரித்து ஒவ்வொன்றாக அடுக்கிவைத்தாள். அடியில் கைவிட்டதும் சிரித்தாள்.

"தாத்தா வாங்கிக் குடுத்தாரா? கொஞ்சம் பெருசாத்தான் இருக்கு. பரவாயில்ல, அடுத்த லீவுக்குச் சரியா இருக்கும்."

மஞ்சள் ஸ்வெட்டர். மேல்பொத்தானில் சிவப்பு நூல். இரண்டு கைகளும் முன்பிருந்ததைவிட இரண்டு விரல் நீளமாகப் பின்னப்பட்டிருந்தன.

புதிதாகப் பின்னிய இடம் மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது.