மாடன் மணியும் மக்கர் பண்ணிய பிக்கப்பும்

“ஏட்டி பெரமு! மாடன் கோயில் மணிக்கால் வெளிய தெரியுதாம்! ஆட்டுக்காரரு கண்ணால பாத்திருக்காரு!”

அத்தை மகன் மூக்காண்டி மூச்சிரைக்க வந்து சொன்னதும் பிரமசக்தி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். தாத்தா காலத்தில் தேரி மணல் விழுங்கிய கோயில் அது. செம்மண் மேடுகள் ஆடிக் காற்றில் இடம் மாறும் பூமியில் இதெல்லாம் நடக்கும். மணிக்காலாக நட்ட கல்தூண்களில் தொங்கிய வெண்கல மணியோடு சேர்ந்து கோயிலே மண்ணுக்குள் போய்விட்டது. மறுநாள் மாடனுக்குக் கொடை விழா. ஊருக்குள் கட்டிய புதுக் கோயிலில் மணி இல்லாமலேதான் ஒவ்வொரு கொடையும் நடந்து வந்தது.

“பெரியவங்க என்ன சொல்லுதாங்க?”

“கொடை முடியட்டும், பாப்போம்ங்காங்க. அதுவரைக்கும் காத்து கையக் கட்டிக்கிட்டு நிக்குமா?”

நிற்காது. இன்று திறந்த இடத்தை நாளை மூடிவிடும். பிரமசக்தி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். அப்பா காலில் மாவுக்கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தார். வாசலில் பிக்கப் நின்றது. காலையில்தான் அதற்குப் பூசை முடிந்திருந்தது. வாழைத்தார் ஏற்றிச் சந்தைக்குப் போகும் அந்த ஒரு வண்டியில்தான் வீட்டில் உலை கொதித்தது. அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த அன்றே அப்பா ஒன்று சொல்லியிருந்தார்: “எங்க வேணாலும் ஓட்டு. தேரிக்குள்ள விட்டா வண்டி நமக்கில்ல.”

சாவியை எடுத்துவிட்டாள்!

பின்னால் மண்வெட்டிகளோடு மூக்காண்டியும், சித்தப்பா மகன் பலவேசமும் ஏறினார்கள். இது நடந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது அந்தத் தேரி முழுக்க முந்திரிக் கொல்லாமரங்கள், மண் அசைவதில்லை. வண்டியும் என்றைக்கோ இரும்புக் கடைக்குப் போய்விட்டது. ஆனால் அந்த இருக்கையில் ஊறியிருந்த வாழைக்கறையும் டீசலும் கலந்த வாசனை இன்றும் எங்காவது மூக்கில் பட்டால், அவள் கால் தானாகக் கிளட்சைத் தேடும்.

அன்று, கழுத்தளவு மண்ணில் புதைந்த பனைகளைத் தாண்டிப் போனார்கள். கிண்ணம்போல் குழிந்த ஒரு பள்ளத்தில் இரண்டு கல்தூண்களின் தலை தெரிந்தது. வண்டியை உள்ளே இறக்கினாள். மூவரும் வெறிபிடித்தவர்கள்போல் தோண்டினார்கள். மண்வெட்டி எதிலோ பட்டு ‘ணங்’ என்றது!

மணி! பச்சை பூத்து, ஆனால் ஒரு கீறல்கூட இல்லாமல்! மூவரும் முக்கி முனகி அதைப் பின்னால் ஏற்றினார்கள். அதற்குள் காற்று விசில் அடிக்கத் தொடங்கியிருந்தது. மேட்டின் விளிம்பிலிருந்து மண் தண்ணீர்போல் வழிந்தது.

சாவியைத் திருகினாள்.

டக்.

மறுபடி திருகினாள். டக். என்ஜின் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை.

“பேட்டரி போயிட்டு,” என்றான் மூக்காண்டி.

“லைட்டப் போடுதேன், பாரு.”

விளக்கு பளிச்சென்று எரிந்தது. சாவியைத் திருகியதும் செத்தது. விட்டதும் உயிர் வந்தது.

“அப்ப செல்ப் மோட்டார்தான்!” ஸ்பேனரோடு வண்டிக்கடியில் புகுந்து மூக்காண்டி மடார் மடாரென்று தட்டினான். “இப்பப் போடு!”

டக்.

“தள்ளிப் பாப்பமா?”

தள்ளினார்கள். சக்கரங்கள் உருளுவதற்குப் பதில் இன்னும் கொஞ்சம் இறங்கின. மண் பாதிச் சக்கரத்துக்கு ஏறிவிட்டது. பிரமசக்திக்கு அப்பா எழுந்து வாசலைப் பார்க்கும் முகம் கண்ணில் வந்தது.

“மாடனுக்குக் கோவம்க்கா,” பலவேசம் மணியைத் தொட்டுக் கும்பிட்டான். “மணியத் திருப்பி வச்சிருவோம்.”

“கோவம்னா வரும்போதே மறிச்சிருப்பாருல்ல? பேசாம இரு.” ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டி யோசித்தாள். நேற்றுவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடிய வண்டி. “ஏல, கடைசியா இதுல கை வச்சது யாரு?”

பலவேசம் மெதுவாக ஒரு விரலைத் தூக்கினான். “நான்தான்... பூசைக்கு. வண்டி முழுக்கச் சந்தனம் வைன்னு பெரியப்பா சொன்னாரு.”

“எங்கெல்லாம் வச்ச?”

“கண்ணாடி, டயரு, ஸ்டியரிங்கு... பேட்டரி.”

“பேட்டரிலயா? எங்கல?”

“ரெண்டு கிளாம்பயும் கழத்தி, நல்லாக் கழுவி, அந்த ஈயக் குமிழுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வச்சு, திரும்ப மாட்டுனேன். பக்தியாத்தாம்க்கா செஞ்சேன்!”

பிரமசக்தி குதித்து இறங்கிப் பானட்டைத் தூக்கினாள். பேட்டரி முனையில் விரல் வைத்ததும் வெடுக்கென்று இழுத்தாள். கொதித்தது! மின்சாரம் போக வழியில்லாமல் அங்கேயே முட்டிச் சூடாகியிருக்கிறது.

“வண்டி முழுக்கன்னா பேட்டரிக்குள்ளயுமால? நல்லவேளை, டீசல் டேங்குக்குப் பால் அபிசேகம் பண்ணாம விட்டியே!” மூக்காண்டி தலையில் அடித்துக்கொண்டான்.

“மைனஸ மொதல்ல கழத்து!” என்றாள்.

கிளாம்பைக் கழற்றினால், அடியில் சந்தனம் ஓடுபோல் காய்ந்திருந்தது. ஈரமாக இருந்தவரை எப்படியோ வேலை நடந்திருக்கிறது. வெயிலும் என்ஜின் சூடும் அதைக் கல்லாக்கிவிட்டன. சாக்குத்துணியில் தேரி மண்ணை அள்ளி, ஈயம் பளபளக்கும்வரை பலவேசம் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க அழுதான். யாரும் தேற்றவில்லை, நேரமில்லை. கிளாம்பை மாட்டி இறுக்கினார்கள்.

சாவி. ஒரு உறுமல்! கரும்புகை!

“ஏ மாடா!” மூக்காண்டி கத்தினான்.

சந்தோஷம் அத்தோடு சரி. கியரைப் போட்டால் பின்சக்கரங்கள் வெறுமனே சுழன்றன.

“மணியத் தள்ளிருவோம்டி. கனம் கொறையும்!”

“வேண்டாம்! பின்னால கனம் இருந்தாத்தான் டயர் பிடிக்கும். காத்த எறக்கு, ஓலையப் போடு, ரெண்டுபேரும் மணிமேல ஏறி உக்காருங்க!”

டயர்கள் தொப்பென்று தட்டையாயின. காய்ந்த பனையோலைகளை அடியில் திணித்தார்கள். பிக்கப் ஒரு முறை வழுக்கியது, ஓலைகள் முறிந்தன, பிறகு கிழட்டு எருமைபோல் முக்கிக்கொண்டு மேடேறியது. உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தாள். கல்தூண்கள் அதற்குள் மறைந்துவிட்டன.

தட்டை டயரோடு ஒவ்வொரு பள்ளத்திலும் மணி தானாக அடிக்க, வண்டி ஊருக்குள் நுழைந்தது. சோற்றுக் கையோடு சனம் தெருவுக்கு ஓடிவந்தது. கிழவர் ஒருவர் அந்தச் சத்தத்தைக் கேட்டு நடுத்தெருவில் உட்கார்ந்தே விட்டார். பிரமசக்தி அன்று கற்றது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை: ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்றால், சாமியையும் மோட்டாரையும் திட்டுமுன், கடைசியாகக் கை பட்ட இடத்தைப் பார்க்க வேண்டும்.

வாசலில் அப்பா கம்பை ஊன்றி நின்றார். மணியை அவர் பார்க்கவேயில்லை. வண்டியைச் சுற்றி நொண்டி நொண்டி வந்தார். டயரைப் பார்த்தார். பானட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அவள் அடியை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இடப்பக்கக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவளுக்குக் கற்றுக்கொடுத்த நாட்களைத் தவிர, அந்த வண்டியில் என்றைக்குமே இடப்பக்கம் உட்கார்ந்திராத மனிதர், மாவுக்கட்டுக் காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

“கோயிலுக்கு விடு,” என்றார். “பையப் போ. டயர்ல காத்தில்ல.”